மாடக்கண்ணு விற்ற நட்சத்திரப் பழம்

ஐந்தருவியில் வெள்ளம். காலை ஒன்பது மணிக்கே போலீஸ்காரர் விசிலடித்து எல்லாரையும் வெளியே விரட்டி, குறுக்கே கயிற்றையும் கட்டிவிட்டார். தண்ணீர் குறைந்தால்தான் இனிக் குளியல்.

குளித்து முடித்தவர்களுக்குக் கவலையில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். சட்டை போட முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. உட்காரலாமென்றால் வழுக்குகிறது. இடுப்புத் துண்டோடு இருபது பேர் பீரம்மாவின் பழக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே சாரலுக்கு ஒதுங்கி, எண்ணெயிலிருந்து எடுத்த வடை மாதிரி மினுமினுவென்று நின்றார்கள்.

அந்த இருபது பேருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டவர் மாடக்கண்ணு. ஐம்பது வயது, இருபத்திரண்டு சீசனாக அருவிக்கரையில் மசாஜ். வேலையில் பாதியைக் கை செய்யும், மீதியை வாய் செய்யும். மற்ற நாளில் என்றால் கதை சூடு பிடிக்கும் நேரத்தில் ஆள் எழுந்து அருவிக்கு ஓடிவிடுவான். இன்றைக்கு ஒருவரும் ஓட முடியாது. இருபது பேர், நாற்பது காது! மாடக்கண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போதாக்குறைக்குக் கடையும் அன்று அவர் கையில். தென்காசி ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்ததும் பீரம்மா, "மாடக்கண்ணு, கடையைப் பாத்துக்க. வாயைக் கொஞ்சம் சுருக்கிக்க," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போயிருந்தாள். முதல் பாதியை மாடக்கண்ணு கேட்டுக்கொண்டார்.

கோவில்பட்டிக்காரர் ஒருவர் மஞ்சளாக, வரிவரியாக, மெழுகு பூசினாற்போல் இருந்த ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன அண்ணாச்சி, பழமா, பொம்மையா?"

மாடக்கண்ணு அதை வாங்கிக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, வில்லையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து முனை நட்சத்திரம். "நட்சத்திரப் பழம். வானத்துல இருக்க நட்சத்திரம் இருட்டினாத்தான் தெரியும். இது பட்டப்பகல்லயே தெரியும். இதுக்குக் கேக்காத சீக்கு இன்னும் பொறக்கல, கேட்டுக்கிடுங்க."

"ஆரம்பிச்சிட்டேரா?" என்றார் ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன், ரிட்டயர்டான ரயில்வே கேட் கீப்பர். ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்தே போன் வந்தாலும் நம்பாமல், தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டை மூடுவார். சீசன் தொடங்கினால் தினமும் அருவிக்கு வருவார். மாடக்கண்ணுவிடம்தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். அவர் சொல்வதில் ஒரு சொல்லையும் நம்பியதில்லை.

"பண்பொழியில ஒரு வில்லுப்பாட்டுக்காரர்," என்று தொடங்கினார் மாடக்கண்ணு. "பதினோரு வருசமா இருமல். பாட்டு ஒரு வரின்னா இருமல் ரெண்டு வரி. எது பாட்டு, எது இருமல்னு தெரியாம சனம் ரெண்டுக்கும் கை தட்டும். ஒரே ஒரு பழம் குடுத்தேன். அஞ்சாவது நிமிசம் இருமல் நெஞ்சை விட்டுக் கெளம்பி, வாய் வழியா வெளிய குதிச்சு, நேரா மலையில ஏறிட்டு. இன்னைக்கும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பக்கம் போனீங்கன்னா மலை இருமுறது கேக்கும்."

"அது இடி," என்றார் ஆவுடையப்பன்.

"கோடையிலயும் இருமுது அண்ணாச்சி. கோடையில ஏது இடி?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். மாடக்கண்ணு பழத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஆளுக்கொரு வில்லை நீட்டினார்.

"பித்தத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஆய்க்குடியில ஒருத்தன். முந்தின நாள் ஊத்தினது, மறுநாள் மத்தியானம் வரைக்கும் தலை நிமிரல. ஒரு துண்டு தின்னான், ஒரு ஏப்பம் விட்டான். அவனுக்கு எறங்கினது சரி. அந்த ஏப்பம் பட்டு, எதுத்த பிராந்திக் கடையில அடுக்கி வச்சிருந்த அம்பது பெட்டி சரக்கும் மோராப் போச்சு! வாங்கிக் குடிச்சவன் பூரா நேரா வீட்டுக்குப் போயி, பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்திருக்கான். ஊர்ப் பொம்பளைக நானூறு பேரு ஆளுக்கொரு மாலையோட என்னைத் தேடி வந்துட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

"ஏன் வேய் வேண்டாம்னீரு?" என்றார் ஆவுடையப்பன்.

"மாலை நானூறு. கழுத்து ஒண்ணுதானே அண்ணாச்சி."

இப்போது பத்துப் பேர் சிரித்தார்கள். மாடக்கண்ணு கடைப் பலகைமேல் ஏறி உட்கார்ந்தார். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று குறுகுறுவென்று மேலே ஏறி வருவது அவருக்குத் தெரிந்தது. கதை நன்றாக வரும் நாளில் அப்படித்தான் இருக்கும்.

"சூட்டு உடம்புக்கு இது மாதிரி ஒண்ணு கிடையாது. மனுச உடம்பை விடுங்க. புளியரை ஏத்தத்துல ஒரு லாரி, எஞ்சின் கொதிச்சுப் போயி நிக்கி. தண்ணி ஊத்தினா ஆவியாப் போகுது. நான் போயி ரெண்டு பழத்தைப் பிழிஞ்சு விட்டேன். விட்டதும் லாரி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது பாருங்க! நாலு வீலும் கிடுகிடுன்னு நடுங்குது. டிரைவர் பதறிப் போயி கம்பளியை எடுத்துப் போத்தினான். அப்பவும் நடுக்கம் நிக்கல. கடைசியில ஒரு சொம்பு சுக்குக்காப்பி ஊத்தின பெறகுதான் வண்டி கெளம்புச்சு. ஆரியங்காவு வரைக்கும் தும்மிக்கிட்டே போச்சு."

"லாரி தும்முச்சா?" என்று கோவில்பட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு தும்மலுக்கும் ஹாரன் தானா அடிச்சிருக்கு. கேரளா போலீஸ் கேஸ் எழுதிட்டான்."

"லாரி நம்பர் என்ன?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"தும்முற வண்டிக்கு நம்பர் எப்படி நிக்கும் அண்ணாச்சி? பிளேட்டு தெறிச்சு விழுந்துட்டு."

தார்ப்பாய்க்குக் கீழே சிரிப்பு வெடித்தது. எண்ணெய்க் கையால் எண்ணெய் முதுகில் தட்டி, அது வழுக்கி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கண்பார்வைக்கும் ஒன்று வந்தது. இலஞ்சியில் ஒரு அம்மாள் நாற்பது நாள் இந்தப் பழத்தைத் தின்று, கண் அத்தனை கூர்மையாகி, தன் வீட்டு வாசலில் இருந்துகொண்டே நாலு தெரு தள்ளி எவன் வீட்டுக் குழம்பில் உப்பு கூடுதல் என்று சொல்லிவிடுகிறாளாம். அந்த ஊரில் இப்போது எவனும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிடுவதில்லையாம்.

"உப்பு கண்ணுக்கா தெரியும்?" என்றார் ஆவுடையப்பன்.

"அவளுக்குத் தெரியும்!"

இத்தனைக்கும் ஓரத்தில் ஒருவன் மட்டும் சிரிக்காமல் நின்றான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். சாத்தூரிலிருந்து வேனில் ஆளேற்றிக்கொண்டு வந்த டிரைவர், பெயர் சீனிராஜ். எண்ணெய் தேய்க்கும்போதே மாடக்கண்ணு விசாரித்து வைத்திருந்தார். அவன் மெல்ல முன்னால் வந்தான்.

"அண்ணாச்சி, இது கிட்னிக்குக் கேக்குமா?"

மாடக்கண்ணுக்கு யோசிக்கவே தோன்றவில்லை. "கிட்னிக்கா? தம்பி, இந்தப் பழம் பொறந்ததே கிட்னிக்குத்தான்! புளியங்குடியில ஒருத்தருக்குக் கல்லு. எலுமிச்சங்காய் தண்டி. ஆபரேசன்னுட்டான். நான் மூணே பழம் குடுத்தேன். கல்லு பொடிஞ்சு மணலா எறங்குது. ஒரு நாளில்ல, ரெண்டு நாளில்ல, ஒரு மாசம்! அதை அள்ளிச் சலிச்சு, சிமெண்டு கலந்து, வீட்டுக்குப் பின்னால ஒரு கக்கூஸே கட்டிட்டாரு. இன்னைய வரைக்கும் ஒரு கீறல் இல்ல."

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அடங்குவதற்குள் சீனிராஜ் கூடையைக் காட்டி, "இருக்கதெல்லாம் போடுங்க," என்றான். இரண்டு கிலோ இருந்தது. மாடக்கண்ணு உற்சாகமாகப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "கல்லு எந்தப் பக்கம் தம்பி, வலதா, எடதா?"

"கல்லு இல்ல அண்ணாச்சி. எங்க அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். இன்னைக்கும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. சாயங்காலம் போனதும் ஜூஸ் போட்டுக் குடுத்துருவேன்." அவன் பையை வாங்கிக்கொண்டான். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

மாடக்கண்ணு அவசரமாகக் கையை நீட்டினார்.

"தம்பி, நில்லும். அதைக் குடும் இங்க. ஒங்க அக்காவுக்கு இது ஆகாது."

"என்னண்ணாச்சி?"

"ஆகாதுய்யா! கிட்னி போனவங்களுக்கு இது விஷம். போன சீசன்ல, என்கூட மசாஜ் பண்ணுன செல்லப்பாண்டி, அவனுக்கும் சுகர்ல கிட்னி பாதி போயிருந்தது. எனக்குத் தெரியாது. நான்தான் உப்புப் போட்டு நாலு பழம் குடுத்தேன். ராத்திரி விக்கல் பிடிச்சது. தண்ணி குடுத்தோம், சீனி குடுத்தோம், நிக்கல. மறுநாளும் விக்கல். பேச்சு குழறிப் போச்சு, பெத்த மகளை யாருன்னு கேக்கான். திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் என்ன தின்னான்னு கேட்டாரு. சொன்னதும் என்னை நாக்கைப் பிடுங்குற மாதிரி வஞ்சாரு. இந்தப் பழத்துல ஒரு சத்து இருக்காம். நல்ல கிட்னி அதை வெளிய தள்ளிரும், கெட்டுப் போன கிட்னி தள்ளாதாம். அது மூளைக்கு ஏறிருமாம். ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் அவனைப் பொழைக்க வச்சாங்க."

கோவில்பட்டிக்காரர், "விக்கலு! மூளைக்கு!" என்று ஒரு கூச்சல் போட்டார். அவ்வளவுதான். இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். லாரிக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. ஒருவர் விக்கியே காட்டினார். இன்னொருவர், "யம்மா, நீ யாரு?" என்று பக்கத்தில் நின்றவர் தாடையைத் தடவினார்.

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். "இருபத்திரண்டு வருசமாக் கேட்டுக்கிட்டு வாரேன். இதான் வேய் பெரிசு. பழத்தைத் தின்னு விக்கல்ல மனுசன் சாவக் கெடந்தானாம்!"

"அண்ணாச்சி, இது சத்தியம்!"

"லாரிக்கும் சத்தியம்னுதானே சொல்லிருப்பீரு?"

சீனிராஜ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தானோ, பழத்தை வேறு யாருக்கோ எடுத்து வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தானோ, "வாரேண்ணாச்சி," என்று திரும்பினான்.

மாடக்கண்ணு எட்டிப் பையைப் பிடித்தார். எண்ணெய்க் கை. பை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நேர்வழியில் இவனைத் தடுக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. தெரிந்த வழியில்தான் போக வேண்டும்.

"சரி, கொண்டு போறதுன்னா கொண்டு போம்," என்றார். "ஆனா ஒண்ணு. இந்தப் பழத்தோட குணமெல்லாம் அருவிச் சத்தம் கேக்குற வரைக்கும்தான். சத்தத்துலயே வளந்த பழம் பாரும். தென்காசி தாண்டிட்டா உள்ள இருக்க மருந்து தூங்கிப் போயிரும். வெறும் புளிப்புத்தான் மிஞ்சும்."

சீனிராஜ் சட்டென்று நின்றான். கையிலிருந்த பையைப் பார்த்தான். "அப்படியா அண்ணாச்சி? முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று அதைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. மாடக்கண்ணுக்குப் போன உயிர் வந்தது.

"அப்ப அடுத்த வாரம் அக்காவையே இங்க கூட்டிட்டு வந்துருதேன்," என்றான் சீனிராஜ். "அருவிக்குப் பக்கத்துலயே உக்கார வச்சுக் குடுப்போம்."

வந்த உயிர் திரும்பவும் போய்விட்டது.

மாடக்கண்ணு பலகையை விட்டு இறங்கினார். இருபது பேர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாரும் கேளுங்க. நான் சொன்னது அம்புட்டும் பொய். இருமல் மலையேறல. சரக்கு மோராகல. எந்தப் பொம்பளையும் எனக்கு மாலை கொண்டு வரல, எம் பொண்டாட்டி உள்பட. கக்கூஸ் கட்டினது ஆத்து மணல்ல. விக்கல் ஒண்ணுதான் நெசம். தம்பி, ஒம்ம கால்ல விழட்டுமா?"

கோவில்பட்டிக்காரர் முகம் வாடிவிட்டது. "லாரி? லாரியும் பொய்யா?"

"லாரியும் பொய்தான்."

"ஏன் அண்ணாச்சி இப்படி," என்றார் அவர், சொந்த லாரியைப் பறிகொடுத்தவர் போல.

சீனிராஜுக்குக் குழப்பம். எதை எடுப்பது, எதை விடுவது? ஊரிலிருக்கும் அக்காவின் முகம்தான் அவன் கண் முன்னால் நின்றிருக்க வேண்டும். கை தன்னையறியாமல் மறுபடி பைக்குப் போயிற்று. "பொய்யாவே இருந்தாலும், ஒரு தரம் குடுத்துப் பாத்தா என்ன அண்ணாச்சி? மருந்து மாத்திரையில ஒண்ணும் கேக்கல. பழம்தானே, என்ன பண்ணிரும்?"

செல்லப்பாண்டிக்குப் பழத்தை நீட்டும்போது மாடக்கண்ணுவும் இதையேதான் சொன்னார்: பழம்தானே!

"என்னை நம்பாண்டாம்," என்றார். "ஒங்க அக்கா ஆஸ்பத்திரியிலதானே இருக்கு? போனைப் போடும். அங்க இருக்க நர்சம்மாகிட்டக் கேளும். அவங்க சரின்னா, நானே சாத்தூருக்கு வந்து ஜூஸ் பிழிஞ்சு தாரேன்."

சீனிராஜ் உறைக்கு மேலேயே விரலைத் தேய்த்து நம்பரைப் போட்டான். ஸ்பீக்கரில் மணி அடித்தது. இருபது பேரும் நெருங்கி வந்தார்கள்.

"ஏலே சீனி, குளிச்சியா?" என்றது ஒரு பெண் குரல். கணீரென்றிருந்தது. அக்கா வேலுத்தாய்க்கு உடம்புதான் நோய்ப்பட்டிருந்தது, குரலை அது தொடவில்லை.

"இல்லக்கா, வெள்ளம். அக்கா, இங்க ஒரு பழம் இருக்கு, நட்சத்திரப் பழம்னு. உனக்கு வாங்கிட்டு..."

"எது? குறுக்க வெட்டினா நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அதுவா? அடப் பாவி! அதைப் படம் போட்டு, மேல செவப்புல பெருக்கல் குறி போட்டு, என் கட்டிலுக்கு எதுத்தாப்புலதானேடா ஒட்டி வச்சிருக்காங்க! தின்னா நிக்காத விக்கல் வருமாம், புத்தி பேதலிக்குமாம், உசுருக்கே ஆபத்தாம். வாரத்துல மூணு நாளு நாலு மணி நேரம் அந்தப் படத்தைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அதைப் போயி எவன்டா உனக்கு வித்தான்?"

சீனிராஜ் பையைக் கீழே போட்டுவிட்டான். முடிச்சு அவிழ்ந்து பழங்கள் உருண்டு ஓடின. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. விக்கிக் காட்டிய ஆள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஆவுடையப்பன் மட்டும் மாடக்கண்ணு பக்கம் திரும்பினார். கண்ணில் கோபமா, வருத்தமா, தெரியவில்லை. "நெசத்தைச் சொல்லிட்டேரே வேய்," என்றார். "இனிமே உம்ம பேச்சை நான் எப்படி நம்பாம இருக்கது?"

"டேய், அந்த ஆளைக் கூப்புடு," என்றாள் வேலுத்தாய் போனில்.

மாடக்கண்ணு போனுக்குப் பக்கத்தில் போய்ப் பவ்வியமாக நின்றார். "தாயி, நான்தான். மாடக்கண்ணு. மசாஜ்காரன். புத்தியில்லாம வித்துட்டேன். பெறகு நான்தான் வேண்டாம்னும் சொன்னேன். தம்பி நம்பல. மன்னிச்சுக்கிடணும்."

"ஏன் நம்பல?"

மாடக்கண்ணு வாய் திறப்பதற்குள் கோவில்பட்டிக்காரர் முந்திக்கொண்டார். இருமல், ஏப்பம், மோர், லாரி, சுக்குக்காப்பி, கக்கூஸ், ஒன்று விடாமல் ஒப்பித்தார். மாடக்கண்ணு சொன்னதைவிட லாரி இரண்டு தும்மல் கூடவே தும்மியது. வேலுத்தாய் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. பின்னாலிருந்து ஒரு நர்சம்மா, "கையை ஆட்டாதீங்க வேலுத்தாய்!" என்று அதட்டுவது கேட்டது.

சிரித்து ஓய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். போன் வழியே அருவிச் சத்தம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பிறகு கேட்டாள்:

"ஏன் அண்ணாச்சி, நீங்கள்லாம் குளிக்க முடியாமயா நிக்கீங்க?"

"ஆமா தாயி. எண்ணெயோட ரெண்டு மணி நேரமா," என்றார் மாடக்கண்ணு.

"நான் இப்பக் குளிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், தெரியுமா? நான்னா, நான் இல்ல. கட்டில்ல சும்மாக் கெடக்கேன். என் ரத்தம் மட்டும் தனியா வெளிய போயிக் குளிக்குது. ஒரு குழாய் வழியாக் கெளம்பிப் போகும். அழுக்கு போகத் தேச்சுக் குளிக்கும். குளிச்சு முடிச்சு, இன்னொரு குழாய் வழியா உள்ள வந்து பழைய எடத்துல உக்காந்துக்கிடும். வாரத்துக்கு மூணு தடவை. கூட்டம் கிடையாது, வெள்ளம் கிடையாது, எந்தப் போலீஸ்காரனும் விசிலடிச்சு வெரட்ட மாட்டான். எங்க, உங்க அருவியில இப்படி ஒரு குளியல் உண்டா, சொல்லுங்க பாப்போம்?"

இருபத்திரண்டு சீசனில் முதல் தடவையாக மாடக்கண்ணுவிடம் அதை மிஞ்சும் கதை இல்லை. "இல்ல தாயி," என்றார். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஏனோ பெரிய சந்தோஷமாயிருந்தது.

ஆவுடையப்பன் அவர் தோளைத் தொட்டு, போனைக் கண்ணால் காட்டி, ரகசியமாகக் கேட்டார்:

"ஏன் வேய், பேச்சுல உம்மையே மிஞ்சுற தங்கச்சி ஒருத்தி உமக்கு இருக்கான்னு ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"